திரையை மங்கவைத்துக் கேட்கும் பெட்டி: விண்டோஸ் ஏன் இத்தனை முறை அனுமதி கேட்கிறது, அதைக் குறைப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் ஏதோ ஒன்றைத் திறக்கிறீர்கள். திரை சட்டென்று மங்குகிறது. நடுவில் ஒரு பெட்டி வந்து, இந்தச் செயலி உங்கள் சாதனத்தில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா என்று கேட்கிறது. ஆம், இல்லை என்று இரண்டு பட்டன்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குள் கை ‘ஆம்’ மீது போய்விடுகிறது. பிரின்டர் சாஃப்ட்வேருக்கு ஒரு முறை, பிள்ளைகளின் கேமுக்கு ஒரு முறை, ஏதோ அப்டேட்டுக்கு ஒரு முறை என்று நாள் முழுக்க வந்தால் யாருக்குமே சலித்துப்போகும். வழி தேடினால் பலரும் சொல்வது ஒன்றுதான்: “அதை ஆஃப் பண்ணிவிடுங்கள்.”

அந்த யோசனை ஆபத்தானது. ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஒரு குறிப்பிட்ட காரணத்தால்தான் வருகிறது. பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று சாஃப்ட்வேர்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் தொல்லை தானாகக் குறையும். அப்புறம் எப்போதாவது வருகிற பெட்டியை நின்று படிக்கவும் தோன்றும். அதற்கு, இந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல

விண்டோஸ் கம்ப்யூட்டரில் நம்மை இடைமறிக்கும் பெட்டிகள் நான்கு வகை. பலரும் இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. திரை மங்கி, ஆம் அல்லது இல்லை கேட்பது. இதன் பெயர் யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல், சுருக்கமாக யூஏசி. ஒரு சாஃப்ட்வேர் நிர்வாகி அதிகாரம் கேட்கும்போது மட்டும் வரும்.

2. ‘விண்டோஸ் உங்கள் கணினியைப் பாதுகாத்தது’ என்கிற நீலப் பெட்டி. இது ஸ்மார்ட்ஸ்கிரீன். இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல் பலருக்கும் பழக்கமானதா, யாரும் பார்த்திராததா என்று சோதிக்கும். அதிகாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

3. ஃபயர்வால் பெட்டி. வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஒரு சாஃப்ட்வேர் ஏற்கலாமா என்று கேட்கும். இதில் ‘கேன்சல்’ கொடுத்தாலும் அந்த சாஃப்ட்வேர் இணையத்துக்குப் போய்வர முடியும். வெளியிலிருந்து அதைத் தேடி வரும் இணைப்பு மட்டும் தடைபடும். சந்தேகம் இருந்தால் கேன்சல் கொடுப்பதில் நஷ்டமில்லை.

4. பிரவுசர் கேட்கும் ‘அறிவிப்புகளை அனுமதிக்கவா?’ போன்ற சிறு பெட்டிகள். இவற்றை பிரவுசர் அமைப்புகளில் மொத்தமாகவே நிறுத்திவிடலாம், நிறுத்திவிடுவது நல்லது. ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்று திரை ஓரத்தில் வந்து பயமுறுத்தும் போலி அறிவிப்புகளில் நிறைய இந்த அனுமதி வழியாகத்தான் வருகின்றன.

இனி பேசப்போவது முதல் வகையைப் பற்றி.

நிர்வாகி என்பவர் யார்?

விண்டோஸில் கணக்குகள் இரண்டு வகை. சாதாரணக் கணக்கு தன் ஃபைல்களையும் தன் அமைப்புகளையும் மட்டும் மாற்றலாம். நிர்வாகிக் கணக்கு கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றலாம்: புது டிரைவர் (பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் சாஃப்ட்வேர்) போடலாம், ஆன்ட்டிவைரஸை நிறுத்தலாம், மற்றவர்களின் ஃபைலைத் திறக்கலாம், எப்போதும் பின்னணியில் ஓடும்படி ஒன்றைப் பதித்து வைக்கலாம்.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், கம்ப்யூட்டரை முதன்முதலில் அமைக்கும்போது உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்காகவே இருந்தது. வீடுகளில் எல்லோரும் அதிலேயே எல்லா வேலையையும் செய்தார்கள். விளைவு, நீங்கள் திறக்கும் எந்த சாஃப்ட்வேருக்கும், தெரியாமல் திறந்துவிட்ட வைரஸுக்கும்கூட, உங்கள் முழு அதிகாரமும் கைமாறியது. சாஃப்ட்வேர் எழுதியவர்களும் இதற்கே பழகிவிட்டார்கள். ஒரு கால்குலேட்டர் அளவு சாஃப்ட்வேர்கூடத் தன் அமைப்புகளை விண்டோஸின் பொது ஃபோல்டரில் போய் எழுதும். இன்று நாம் படும் தொல்லையின் வேர் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

விஸ்டா: வேண்டுமென்றே கொடுத்த எரிச்சல்

2007 ஜனவரி 30 அன்று விண்டோஸ் விஸ்டா பொதுவிற்பனைக்கு வந்தது. யூஏசி அதில்தான் அறிமுகமானது. தேதி நேரம் மாற்றும் பக்கத்தைத் திறந்தால் பெட்டி, ஃபைலை நகர்த்தினால் பெட்டி. ஆப்பிள் நிறுவனம் தன் விளம்பரத்திலேயே இதைக் கேலி செய்தது.

2008 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்எஸ்ஏ பாதுகாப்பு மாநாட்டில், மைக்ரோசாஃப்டில் இந்த வசதிக்குப் பொறுப்பாக இருந்த டேவிட் கிராஸ் ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார். பயனர்களை எரிச்சலூட்டுவதற்காகவே இதைச் சேர்த்தோம் என்றார். எரிச்சலாகும் வாடிக்கையாளர்கள் சாஃப்ட்வேர் நிறுவனங்களிடம் போய் நிற்பார்கள், அவர்களும் தேவையில்லாமல் நிர்வாகி அதிகாரம் கேட்பதை நிறுத்துவார்கள் என்பது கணக்கு. அது பெருமளவு பலித்தது என்றே சொல்ல வேண்டும். இன்று நன்றாக எழுதப்பட்ட சாஃப்ட்வேர்கள் நிறுவும்போது ஒரு முறை கேட்பதோடு சரி. தினமும் கேட்டுக்கொண்டிருப்பவை அந்த மாற்றத்துக்கு இன்னும் வராதவை. குறை சாஃப்ட்வேரில் இருக்கும்போது கதவைக் கழற்றி வைப்பது தீர்வாகாது.

உள்ளே என்ன நடக்கிறது: இரண்டு சாவிகள்

நிர்வாகிக் கணக்கில் நீங்கள் உள்நுழையும்போது விண்டோஸ் உங்கள் பெயரில் இரண்டு சாவிகளைத் தயார் செய்கிறது. தொழில்நுட்ப மொழியில் இவை டோக்கன். ஒன்று முழு அதிகாரச் சாவி. இன்னொன்று அதிகாரங்கள் கழிக்கப்பட்ட சாதாரணச் சாவி. டெஸ்க்டாப்பும், அதிலிருந்து நீங்கள் திறக்கும் எல்லாமும் சாதாரணச் சாவியில்தான் ஓடும். முழுச் சாவி பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒரு சாஃப்ட்வேர் அதைக் கேட்கும்போது வருவதுதான் அந்தப் பெட்டி.

திரை மங்குவது அழகுக்காக இல்லை. அந்த நேரத்தில் விண்டோஸ் உங்களை வேறொரு தனி டெஸ்க்டாப்புக்கு மாற்றிவிடுகிறது. பின்னால் மங்கலாகத் தெரிவது உங்கள் பழைய திரையின் படம் மட்டுமே. சாதாரணச் சாவியில் ஓடும் எந்த சாஃப்ட்வேராலும் அங்கே நுழைந்து உங்களுக்குப் பதிலாக ‘ஆம்’ அழுத்த முடியாது. மவுஸ் அம்புக்குறியை வேறு இடத்தில் இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றவும் முடியாது.

இதே பிரிவினையால் சில விநோதமான சிக்கல்களும் வரும். நிர்வாகி அதிகாரத்தில் திறந்த ஜன்னலுக்குள் வெளியிலிருந்து ஃபைலை இழுத்துப் போட்டால் ஏற்காது. தமிழ்த் தட்டச்சு சாஃப்ட்வேர்களில் விசை அழுத்தத்தை இடைமறித்து எழுத்தாக மாற்றும் வகை உண்டு. அது சாதாரணச் சாவியில் ஓடினால் அந்த ஜன்னலில் தமிழ் விழாது, ஆங்கில எழுத்தே விழும். சாஃப்ட்வேர் கெட்டுவிட்டது என்று பலரும் அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். காரணம் இதுதான்: கீழ்மட்ட சாஃப்ட்வேர் எதுவும் மேல்மட்ட ஜன்னலுக்கு விசையையோ கட்டளையையோ அனுப்ப விண்டோஸ் விடாது.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

மூன்றே விஷயங்கள்.

1. இதை இப்போது நான் ஆரம்பித்தேனா? நீங்களே ஒரு சாஃப்ட்வேரை நிறுவப்போய் அதன் பெட்டி வந்தால் சரி. சும்மா உட்கார்ந்து படம் பார்க்கும்போது தானாக வந்தால் ‘இல்லை’. தவறுதலாக நல்லதற்கு ‘இல்லை’ கொடுத்தாலும் பெரிதாக எதுவும் கெட்டுவிடாது, மறுபடி கேட்கும்.

2. நிறம். நீலமாக இருந்தால் வெளியீட்டாளர் யாரென்று டிஜிட்டல் கையொப்பத்தால் உறுதியாகியிருக்கிறது. மஞ்சள் என்றால் யார் எழுதியது என்று தெரியவில்லை. சிவப்பு என்றால் தடுக்கப்பட்டுவிட்டது.

3. வெளியீட்டாளர் பெயரும் ஃபைல் இருக்கும் இடமும். ‘மேலும் விவரங்கள்’ அழுத்தினால் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டும். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் இருப்பது ஒரு விதம். டவுன்லோட்ஸிலோ தற்காலிக ஃபோல்டரிலோ இருந்துகொண்டு தானாக எழுந்து கேட்பது வேறு விதம்.

முதல் கேள்விதான் மற்ற இரண்டையும்விட முக்கியம். கையொப்பம் பெற்ற சாஃப்ட்வேரையும் மோசடிக்குப் பயன்படுத்தலாம். அதனால் நீலம் என்றால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான்கு படிகள் கொண்ட அமைப்பு

விஸ்டாவில் யூஏசியை வைத்திருக்கலாம் அல்லது நிறுத்தலாம். 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 நான்கு படிகள் கொண்ட ஒரு நகர்த்தியை (மேலும் கீழும் இழுக்கும் ஸ்லைடர்) தந்தது. இன்றைய விண்டோஸ் 11 வரை அதுவே. கன்ட்ரோல் பேனலில், பயனர் கணக்குகள் பகுதியில் இருக்கிறது.

1. மேல்படி, எப்போதும் கேள். விண்டோஸ் அமைப்புகளை நீங்களே மாற்றினாலும் கேட்கும்.

2. இரண்டாம் படி. வாங்கும்போது இதுதான் இருக்கும். மற்ற சாஃப்ட்வேர்களுக்குக் கேட்கும். விண்டோஸின் சொந்தக் கருவிகள் பலவற்றுக்குக் கேட்காமலே அதிகாரம் கொடுத்துவிடும்.

3. மூன்றாம் படி. இரண்டாவது போலவே, ஆனால் திரை மங்காது. தனி டெஸ்க்டாப் தரும் பாதுகாப்பு போய்விடும். திரை மங்குவதற்கே நெடுநேரம் எடுக்கும் பழைய கம்ப்யூட்டருக்காக வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு இது வேண்டாம்.

4. அடிப்படி, எப்போதும் கேட்காதே. நிர்வாகிக் கணக்கில் யார் கேட்டாலும் முழுச் சாவி சத்தமில்லாமல் போய்விடும்.

இரண்டாம் படியில் ஓர் ஓட்டை உண்டு. விண்டோஸின் சொந்தக் கருவிகளைக் கேட்காமல் உயர்த்துவதால், தீய சாஃப்ட்வேர்கள் அந்தக் கருவிகளின் முதுகில் ஏறி உள்ளே போகப் பார்க்கும். 2016இல் இவென்ட் வியூவர் என்ற விண்டோஸ் கருவியை வைத்துப் பெட்டியே வராமல் முழு அதிகாரம் பெறும் முறை ஒன்று பகிரங்கமானது. மேல்படியில் வைத்திருந்தவர்களிடம் அது பலிக்கவில்லை. யூஏசியை முழுமையான பாதுகாப்பு எல்லையாகத் தாங்கள் கருதுவதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. எனவே பெட்டிகளைக் குறைக்க நகர்த்தியைக் கீழே இறக்காதீர்கள். காரணங்களைக் களைந்துவிட்டு, முடிந்தால் மேல்படிக்கு ஏற்றுங்கள்.

காரணங்களைக் களைவது எப்படி?

ஒரு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: பெட்டி வந்த நேரம், சாஃப்ட்வேரின் பெயர், அப்போது நீங்கள் செய்துகொண்டிருந்தது. வார முடிவில் பட்டியலில் ஒரே பெயர் பலமுறை வந்திருக்கும். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1. தேவையில்லாமல் நிர்வாகியாகத் திறப்பது. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு கோளாறுக்கு, ‘நிர்வாகியாக இயக்கு’ என்று யாரோ டிக் போட்டிருப்பார்கள். கோளாறு தீர்ந்த பின்னும் டிக் இருக்கும். ஐகானில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், அதில் கம்பேட்டிபிலிட்டி போய் அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். சாஃப்ட்வேர் ஒழுங்காக ஓடினால் வேலை முடிந்தது. கடைகளில் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர்களில் இந்த டிக்கை முதலில் பார்ப்பது நல்லது.

2. தப்பான இடத்தில் எழுதும் பழைய சாஃப்ட்வேர். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் எழுத நிர்வாகி அதிகாரம் வேண்டும். பழைய பில்லிங் சாஃப்ட்வேர், பழைய கேம் எல்லாம் தன் தரவை அங்கேயே எழுதும். அந்த சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு, டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் நிறுவினால் பெரும்பாலும் பெட்டி நின்றுவிடும். அல்லது அந்தத் தரவு ஃபோல்டருக்கு மட்டும், ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பகுதி வழியாக, பயனர்களுக்கு எழுதும் உரிமை கொடுக்கலாம்.

கணக்குவழக்கு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய பழைய 32 பிட் சாஃப்ட்வேர் சாதாரணச் சாவியில் ஓடி புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் பிழை காட்டாமல் அந்தத் தரவை உங்கள் கணக்குக்குள் இருக்கும் வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். சாஃப்ட்வேருக்கு இது தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு நாள் அதே சாஃப்ட்வேரை நிர்வாகியாகத் திறப்பீர்கள். அது அசல் ஃபோல்டரைப் படிக்கும். மாதக்கணக்கில் போட்ட பதிவுகள் காணாமல் போனதுபோல் இருக்கும். பதறி மறுபடி நிறுவாதீர்கள். தரவு வெர்ச்சுவல்ஸ்டோரில் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அசல் ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுத்து வந்திருந்தால் அந்த பேக்கப்பில் உங்கள் வேலை இருக்காது என்பதுதான் கவலைக்குரிய விஷயம்.

3. ஒவ்வொரு முறை கம்ப்யூட்டரைத் திறக்கும்போதும் கேட்பது. விசிறி வேகம், கீபோர்டு விளக்கு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேர்கள் இப்படிச் செய்யும். முதலில் அது தேவையா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் நிறுத்தினால் பெரும்பாலும் எதுவும் குறையாது. கட்டாயம் தேவை என்றால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரில் அதை ஒரு பணியாகப் பதிந்து, ‘உயர்ந்த உரிமைகளுடன் இயக்கு’ என்று குறித்துவிடலாம். பதியும்போது ஒரு முறை அனுமதி கொடுத்தால் போதும், பிறகு கேட்காது. ஆனால் அந்த ஃபைல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்தான் இருக்க வேண்டும். டி டிரைவிலோ டெஸ்க்டாப்பிலோ இருந்தால் எந்த வைரஸும் அந்த ஃபைலை மாற்றி வைத்து, நீங்கள் கொடுத்த நிரந்தர அனுமதியை எடுத்துக்கொள்ளும்.

4. அப்டேட். நல்ல சாஃப்ட்வேர்கள் இதற்கு வழி கண்டுவிட்டன. ஃபயர்பாக்ஸ் 2012லேயே ஒரு பின்னணிச் சேவையைச் சேர்த்தது. நிறுவும்போது ஒரு முறை அனுமதி, பிறகு அப்டேட் தானாக. இன்னும் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கேட்கும் சாஃப்ட்வேருக்கு மாற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

5. ஒரே நேரத்தில் பல வேலைகள். புதுக் கம்ப்யூட்டரை அமைக்கும் நாளில் பெட்டிகள் வரிசையாக வரத்தான் செய்யும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் டெர்மினல் ஜன்னல் ஒன்றை நிர்வாகியாகத் திறந்து, எல்லாவற்றையும் அதிலிருந்து நிறுவிவிட்டு, மறக்காமல் மூடிவிடுங்கள். அந்த ஒரு நாளுக்காக நகர்த்தியை இறக்கி வைப்பவர்கள் அதைத் திரும்ப ஏற்றுவதில்லை.

சலிப்பு ஏன் ஆபத்து?

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எச்சரிக்கைப் பெட்டிகளைப் பார்க்கும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று எஃப்எம்ஆர்ஐ கருவியில் படம் எடுத்தார்கள். 2015இல் வெளியான முடிவு: அதே எச்சரிக்கையை இரண்டாம் முறை பார்க்கும்போதே மூளையின் காட்சிப் பகுதியில் செயல்பாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. படிக்காமல் ‘ஆம்’ அழுத்துகிறவரைச் சோம்பேறி என்று திட்டுவதில் அர்த்தமில்லை. தினம் பத்துப் பெட்டி காட்டினால் யாருடைய மூளையும் அப்படித்தான் பழகும். பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறைக்க இத்தனை மெனக்கெடச் சொல்வது இதனால்தான்.

இந்தப் பெட்டி காப்பாற்றாத இடம்

உங்கள் புகைப்படங்களும் ஆவணங்களும் உங்கள் சொந்த ஃபோல்டரில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க, அழிக்க, பூட்டிப்போட சாதாரணச் சாவியே போதும். பணம் கேட்டு ஃபைல்களைப் பூட்டும் ரான்சம்வேர் உங்கள் குடும்பப் படங்களைப் பூட்ட ஒரு அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு மருந்து பேக்கப்: வெளியே ஒரு ஹார்டு டிஸ்கில் எடுத்து, எடுத்ததும் கழற்றி வைப்பது. விண்டோஸ் 10இல் 2017 முதல் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதியும் உண்டு. அறிமுகமில்லாத சாஃப்ட்வேர்கள் குறிப்பிட்ட ஃபோல்டர்களைத் தொடுவதை அது தடுக்கும்.

குடும்பக் கம்ப்யூட்டருக்கு: தனி நிர்வாகிக் கணக்கு

பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் சாதாரணக் கணக்கு, நிர்வாகத்துக்கு மட்டும் தனிக் கணக்கு என்று வைப்பதே சிறந்தது. அப்போது பெட்டி ஆம், இல்லை என்று கேட்காது. நிர்வாகியின் பாஸ்வேர்டைக் கேட்கும். பிள்ளைகள் அவசரத்தில் ‘ஆம்’ அழுத்த முடியாது. செய்யும் வரிசை முக்கியம்:

1. செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய்ப் புதுக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அதை நிர்வாகி வகைக்கு மாற்றுங்கள்.

2. அதில் ஒரு முறை உள்நுழைந்து, பாஸ்வேர்டு சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

3. அந்தக் கணக்கிலிருந்தே, இதுவரை பயன்படுத்திவந்த உங்கள் பழைய கணக்கைச் சாதாரண வகைக்கு மாற்றுங்கள். ஃபைல்கள், டெஸ்க்டாப் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. நிர்வாகி பாஸ்வேர்டு கொடுத்து நிறுவும் சில சாஃப்ட்வேர்கள் தங்கள் அமைப்புகளை நிர்வாகிக் கணக்குக்குள் வைத்துவிடும். உங்கள் கணக்கில் ஐகான் தெரியாது. நிறுவும்போது ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்ற வாய்ப்பு வந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோசாஃப்டும் இதே திசையில்தான் வருகிறது. 2024 நவம்பரில் அது அறிவித்த ‘அட்மினிஸ்ட்ரேட்டர் புரொடெக்‌ஷன்’, ஒவ்வொரு முறையும் மறைவான தனி நிர்வாகிக் கணக்கு ஒன்றின் வழியாக அந்த நேரத்துக்கு மட்டும் அதிகாரம் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாடு.

தொலைபேசியில் ஒருவர் ‘ஆம் அழுத்துங்கள்’ என்றால்

வங்கியிலிருந்து பேசுகிறேன், கஸ்டமர் கேரிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் சாஃப்ட்வேரை இறக்கச் சொல்லும் மோசடி நம் ஊரில் நிறைய நடக்கிறது. வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள்தான் அதிகம் சிக்குகிறார்கள். இங்கே அந்த மங்கிய திரை நிஜமாகவே உதவுகிறது. தொலைவியக்க சாஃப்ட்வேர் சாதாரணச் சாவியில் ஓடும்வரை, திரை மங்கும்போது மோசடிக்காரருக்கு அந்தப் பெட்டி தெரியாது, அதை அழுத்தவும் அவரால் முடியாது. அதனால்தான் அவர் போனில் கெஞ்சுவார், அவசரப்படுத்துவார், ‘ஸ்கிரீன்ல ஒண்ணு வந்திருக்கும் பாருங்க, எஸ் கொடுங்க’ என்பார். அந்த நொடியில் அவரிடம் இல்லாத ஒரு அதிகாரம் உங்கள் அம்மாவின் விரலில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு யூஏசி என்ற பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. யாராவது போனில் பேசிக்கொண்டிருக்கும்போது திரை மங்கினால் ‘இல்லை’ அழுத்தி, போனை வைத்து, வைஃபை ரூட்டரின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பெட்டி வருவதற்கு முன்பே மோசடிக்காரர் திரையைப் பார்த்திருப்பார் என்பதால், உடனே வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. இந்த எண்ணைக் கம்ப்யூட்டரின் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.